அந்தச் சத்தம் எந்தச் சாமான்?

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் தலைமேல் கை வைத்துச் சொல்கிறேன். தலையில் ஒரு முடிகூட இல்லாததால் கை வழுக்குகிறது. அது சத்தியத்தின் குற்றம் இல்லை. எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்? தவிரவும், பொய் சொல்வதற்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும். இன்று காலை மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே தாராளமாக நம்பலாம்.

நான் சினிமாவில் சத்தம் போட்டுப் பிழைத்தவன். வாய்ச்சத்தம் இல்லை. படம்பிடிக்கிற இடத்தில் பதிவாகும் சத்தம் அந்தக் காலத்தில் எதற்கும் உதவாது. அதனால் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே எல்லாச் சத்தத்தையும் மைக்குக்கு முன்னால் புதிதாக உண்டாக்க வேண்டும். எஃபெக்ட்ஸ் என்பார்கள். கதாநாயகனுக்குச் செருப்பு, கதாநாயகிக்கு வளையல், வில்லனுக்கு பூட்ஸ். மூன்று பேருக்காகவும் நடந்தவன் நான்தான். காதல் காட்சியில் இரண்டு பேராகவும் நானே நடந்து நானே என்னைத் துரத்தியிருக்கிறேன்.

ஒருமுறை இரண்டு தேங்காய் ஓட்டை வைத்து நான் குதிரை ஓட்டியபோது, தெருவில் வண்டி இழுத்துக்கொண்டு போன நிஜக்குதிரை ஒன்று படியேறி இரண்டாவது மாடிக்கு வந்துவிட்டது. வந்தது, மைக்கைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, ஒரு பெருமூச்சு விட்டது, திரும்பி இறங்கிப் போய்விட்டது. அந்தப் பெருமூச்சையும் வீணாக்காமல் வேறொரு படத்தில் மாமனார் பாத்திரத்துக்குப் போட்டோம். பொருத்தமாக இருந்தது.

இதெல்லாம் பீடிகை. நான் சொல்ல வந்தது ஒரு பேய்ப்படத்தைப் பற்றி. அதைவிட, என் மகளைப் பற்றி.

மகளை எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடுவோம். பிறக்கும்போது அவ்வளவுதான் இருந்தாள். நாக்கும் அவ்வளவு கூர்மை. அவளுக்கு ஐந்தரை வயதில் அவள் அம்மா போய்விட்டாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. நான்காவது வாரம் வீட்டுக்குக் கூட்டிவருவோம் என்று குழந்தையிடம் சொல்லியிருந்தேன். சொன்னபடி கொண்டுவந்தோம், வேறு மாதிரி.

குழந்தை பார்க்கக் கூடாது, பார்த்தால் பயந்துவிடும் என்று முடிவு செய்தவன் நான்தான். உள்ளறையில் பொம்மைகளோடு உட்காரவைத்தேன். "ஒரு விளையாட்டு கண்ணு. அப்பா வந்து கதவைத் தொறக்கற வரைக்கும் சத்தமே போடாம இருந்தா நீ ஜெயிச்ச" என்று சொல்லி, வெளியே தாழ் போட்டேன். அவள் ஜெயித்தாள். நான்கு மணி நேரம் ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

அவள் கண்ணை மறைத்தேன். காது என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஊரிலேயே சத்தத்தை வைத்துச் சோறு தின்கிற ஒரே ஆள் நான். அந்த எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆரம்பித்தாள்.

"அப்பா, அன்னைக்கு டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே, அது எந்தச் சாமான்?"

"பெஞ்சு. கூடத்துல கொண்டுவந்து போட்டாங்க."

"சர்ருனு ஒண்ணு?"

"சன்னல் திரை."

"அப்புறம் மாடு கத்தற மாதிரி ஒண்ணு கேட்டுச்சுப்பா. ரொம்ப நேரம். நிக்கவே இல்ல."

நான் சற்று யோசித்தேன். "நாற்காலி. தரையில இழுத்தாங்க" என்றேன்.

வீட்டில் நான்கு நாற்காலிகள் இருந்தன. அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மெதுவாக இழுத்தாள், வேகமாக இழுத்தாள், பொம்மையை உட்காரவைத்து இழுத்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள். "நாலையும் இழுத்துட்டேன். எதுலயும் அது இல்ல."

"அது வேற நாற்காலி கண்ணு. பக்கத்து வீட்டுது. திருப்பிக் கொடுத்தாச்சு."

பொம்மையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாத சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. குழாய் சொட்டினால் வெளுத்துப்போவாள். பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் என் வேட்டியைப் பிடித்துக்கொள்வாள். குக்கர் விசிலுக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: "அது எந்தச் சாமான்?" கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். சாமானைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் திரும்பும். அப்படித்தான் எங்கள் வீட்டுச் சட்டம் பிறந்தது. எந்தச் சத்தத்துக்குப் பின்னாலும் ஒரு சாமான் உண்டு. முதலில் சாமானைக் காட்டு, பிறகு சத்தம் போடு.

அதனால்தான் அவளை வேலைக்கே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும். என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பயந்துகிடக்கற புள்ளையப் பேய்ப்படத்துக்குக் கூட்டிட்டுப் போறியே, உனக்கு மூளை இருக்காடா?"

"இருந்திருந்தா டாக்டருக்குப் படிச்சிருப்பனே அக்கா."

"நான் விளையாடல."

நானும் விளையாடவில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாப் பயங்கரமான சத்தமும் ஒரே அறையில், ஒரே மேஜையில், சாமான் சாமானாகப் பரப்பிவைத்திருக்கிற இடம் வேறு எது? பயம் தெளிவதற்கு அதைவிட நல்ல ஆஸ்பத்திரி கிடையாது என்பது என் கட்சி.

படத்தின் கதை இதுதான். ஒரு தாய், ஒரு மகள், ஒரு வீடு. தாய்க்கு மட்டும் வாசலில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். கேட்டதும் மகளை பீரோவுக்குள் ஒளித்துவைத்துப் பூட்டிவிட்டுத் தான் காவல் நிற்பாள். திறந்து பார்த்தால் வாசலில் ஆள் இருக்காது. போகப் போகத்தான் தெரியும், தட்டுகிறவன் வாசலில் இல்லை, தாயின் பழைய நாட்களில் எங்கேயோ நிற்கிறான் என்று. குழந்தைக்குப் பேய் பற்றிக் கவலையே இல்லை. பீரோதான் பயம். கடைசிக் காட்சியில் உள்ளேயிருந்து அது ஒரு அலறு அலறும். அந்த அலறலில்தான் தாய்க்கு, தான் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைக்கும்.

படமே அந்த ஒரு அலறலில் தொங்கிக்கொண்டிருந்தது.

குண்டூசி இரண்டே வாரத்தில் பேய் விஷயத்தில் நிபுணர் ஆகிவிட்டாள். கண்ணாடி அறைக்குள் பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தத்தைப் பதிவு செய்கிறவரை அவள் 'பொத்தான் மாமா' என்பாள். எனக்கும் அவர் பொத்தான்தான். பருத்த உடம்பு, மெல்லிய குரல்.

"பொத்தான் மாமா, பேய் மூச்சு விடறது சைக்கிள் பம்பு. பேய் நடக்கறது ஈரத்துணி. பேய்க்கு எலும்பு முறியறது முட்டைக்கோசு."

"அப்படின்னா பேயைச் சமைச்சுடலாம்னு சொல்லு."

"பம்பை எப்படி மாமா சமைக்கறது?"

"உங்கப்பா சமையலைத் தினம் சாப்பிடறல்ல? அதுல பம்பு இல்லேன்னு நிச்சயமா சொல்ல முடியுமா உன்னால?"

அவள் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்த சிரிப்புகளை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். அது ஏழாவது.

படத்துக்காக ஒரு பழைய மர பீரோவை வாங்கிப் பதிவுக்கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தோம். கதவு மூடும் சத்தம் அடிவயிற்றில் போய் விழ வேண்டும் என்பதற்காக, அதில் நானே ஒரு வில்பூட்டைப் பொருத்தினேன். தள்ளினால் 'க்ளக்' என்று தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியேயிருந்து சாவி போட்டால்தான் திறக்கும். சாவி இலாகா குண்டூசியிடம். சிவப்பு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பீரோவைத் திறந்து எட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணும் இல்ல, மூடலாம்" என்று அறிவிப்பாள். அவள் சொல்லாமல் பொத்தான் டேப்பை ஓடவிட மாட்டார்.

உள்ளே மட்டும் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. நானும் வைக்கச் சொன்னதில்லை.

டைரக்டர் நாற்பத்தெட்டு வயதுக்காரர். ஆறடி உயரம், கட்டை மீசை, குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு விநோதப் பழக்கம் உண்டு அவருக்கு. பதிவுக்காகக் கூடத்தின் கதவைச் சாத்தினால், நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்பார். டேக் முடிந்ததும் முதல் ஆளாகத் திறந்துவிடுவார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

கடைசி வாரம் அலறலுக்கு வந்தோம். அங்கேதான் வண்டி நின்றது.

படத்தில் நடித்த குழந்தையின் அம்மா கெட்டிக்காரி. தன் பெண்ணைப் பயமுறுத்தக் கூடாது என்று முதல்நாளே எழுதி வாங்கிவிட்டாள். அதனால் கடைசிக் காட்சியில் யாரோ அந்தக் குழந்தைக்குக் கிச்சுக்கிச்சு மூட்ட, அது வாயைத் திறந்து சிரித்தது. அதைத்தான் படம் பிடித்திருந்தார்கள். சிரிக்கிற வாயும் அலறுகிற வாயும், சத்தம் இல்லாமல் பார்த்தால் ஒரே வாய்தான். இனி அந்த வாய்க்குள் ஒரு அலறலைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

சினிமாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் குரல் கொடுக்கிற ஒரு அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது, பேரன் பேத்தி எடுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு அலறினார்.

டைரக்டர் மெதுவாக, "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா பஸ்ஸை விட்டுட்ட மாதிரி இருக்கு" என்றார்.

நான் பலூனைத் தேய்த்தேன். துருப்பிடித்த கீலை இழுத்தேன். ரம்பத்தின்மேல் வயலின் வில்லை ஓட்டினேன்.

"அண்ணே, இது குழந்தை இல்ல. ரயில்வே கேட்டு" என்றார் பொத்தான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

மூன்று நாள் போயிற்று. நான்காவது நாள் மதியம், டைரக்டர் திரையில் அந்த வாயையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து முட்டைக்கோசு இலையைப் பொம்மைக்குப் போர்த்திக்கொண்டிருந்த குண்டூசியைப் பார்த்தார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அலறலை நடிக்க முடியாது, புரியுதா? அது வந்தா வரணும். ஒரே ஒரு நிமிஷம். பீரோவுல உக்காரவச்சு, விளக்கை அணைச்சு, வெளியில நீங்க ரெண்டு தட்டு தட்டுங்க. அவ்வளவுதான். நீங்க பக்கத்துலயே நிக்கப் போறீங்க."

"வேணாம் சார். அது ஏற்கெனவே..."

"தெரியும். கேள்விப்பட்டேன். அதனாலதான் வரும்னு நினைக்கறேன்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

"குழந்தைங்க மறந்துடும்" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"உங்களுக்கு மறந்துடுச்சா?" என்று ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கூடத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குள்ளிருந்து பொத்தான் மட்டும், "வேணாம் சார், பாவம் சார்" என்றார். அவர் மைக்கை அழுத்தாமல் சொன்னதால் உதடு மட்டும்தான் அசைந்தது.

அப்போது நான் "முடியாது" என்றேன்.

சாதாரணமாகச் சொல்லவில்லை. நான் சொன்ன சொல்லில் பொத்தானின் சத்த அளவுமானி ஊசி துள்ளிக்கொண்டு போய்ச் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டது. பிறகு ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பித்தான் எடுத்தார்கள். மேஜையில் இருந்த முட்டைக்கோசு ஒன்று தானாக முறிந்தது. வருத்தம் என்னவென்றால், அந்த நேரம் பார்த்து டேப் ஓடவில்லை. ஓடியிருந்தால் அந்த ஒரு சொல் எனக்கு இன்று எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

அக்கா இந்த இடத்தில் நம்ப மாட்டாள். "நீ எங்கடா யாருகிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்க? பால்காரன் தண்ணியை ஊத்தினாலே 'பரவால்ல'ம்ப" என்பாள். அவள் அங்கே இல்லை.

நான் போட்ட சத்தத்தில் குண்டூசி எழுந்து வந்துவிட்டாள். "என்னப்பா? விளையாட்டா?"

டைரக்டர் அவள் உயரத்துக்கு மண்டிபோட்டார். "ஆமாம்மா. அந்த பீரோவுக்குள்ள போய் உக்காரணும். கொஞ்ச நேரம்தான்."

அவள் பீரோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"சத்தம் போடாம இருந்தா ஜெயிக்கறதா, சத்தம் போட்டா ஜெயிக்கறதா?"

நான் பக்கத்திலிருந்த பம்பைப் பிடித்துக்கொண்டேன், அது ஒரு பேய்மூச்சு விட்டது.

"சத்தம் போட்டா" என்றார் டைரக்டர்.

அவள் யோசித்தாள். கழுத்து நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள். எங்கள் வீட்டுச் சட்டம் அவருக்குத் தெரியாது அல்லவா? சாமானைப் பார்க்காமல் அவள் எந்தச் சத்தத்துக்கும் சம்மதிக்க மாட்டாள்.

"மொதல்ல நீங்க போங்க. போய்க் காட்டுங்க. அப்புறம் நான்."

பொத்தான் சிரித்துவிட்டார். டைரக்டரும் சிரித்தார். "நியாயம்தான்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறடியை நான்காக மடித்து உள்ளே நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "பாத்தியா? ஒண்ணும் இல்ல. ஜம்முனு இருக்கு."

குண்டூசி வழக்கம்போலக் கதவைத் தள்ளினாள்.

க்ளக்.

ஒத்திகை என்று நினைத்துப் பொத்தான் விளக்கை அணைத்தார். பழக்கதோஷத்தில் டேப்பையும் ஓடவிட்டார். சன்னலே இல்லாத கூடம் அது. நடுமதியத்தில் கைக்கு முன்னால் கை தெரியவில்லை.

முதல் ஐந்து நொடி ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து, சாதாரணக் குரலில், "சரி, தொறந்துடலாம்" என்றார். பிறகு, "தொறங்க" என்றார். பிறகு கதவை உள்ளங்கையால் தடவுகிற சத்தம் கேட்டது, கைப்பிடி எங்கே என்று தேடுகிற மாதிரி. அந்தப் பக்கம் கைப்பிடி கிடையாது.

அதற்குப் பிறகு வந்ததை நான் முப்பது வருஷத் தொழிலில் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அது நாற்பத்தெட்டு வயதுக் குரல் இல்லை. மீசை இல்லை அந்தக் குரலுக்கு. ஆறு வயது, மிஞ்சிப்போனால் ஏழு. "அம்மா" என்று ஆரம்பித்து, சொல் முடிவதற்குள் சொல்லாக இல்லாமல் போய்விட்டது. கண்ணாடி அறையின் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் விழுந்தது. அந்தக் கீறலை நேரில் பார்த்தவர்கள் பல பேர் உண்டு. இப்போது அந்தக் கட்டடமே இல்லை.

நான் இருட்டில் சாவிக்காகக் கை நீட்டினேன். அதற்குள் குண்டூசி பூட்டைத் தடவிக் கண்டுபிடித்துத் திறந்துகொண்டிருந்தாள். "இதோ மாமா, இதோ மாமா, தொறந்துட்டேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே திறந்தாள்.

விளக்கு வந்தது. டைரக்டர் முட்டிபோட்டு வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பொத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் அவராகவே சொன்னார்.

"அப்பா வீட்டுக்கு வர்ற சத்தம் கேட்டா அம்மா என்னை பீரோவுல வச்சுப் பூட்டிடுவாங்க. அடி என்மேல விழக்கூடாதுன்னு. எல்லாம் முடிஞ்சதும் வந்து தொறப்பாங்க. ஒருநாள் ரொம்ப நேரமாயிடுச்சு. வேற யாரோ வந்து தொறந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவர் எடுத்த படத்தின் கதை அவருக்கு எங்கே கிடைத்தது என்று அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

குண்டூசி அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா, உள்ள கத்துச்சே, அது எந்தச் சாமான்?"

"சாமான் இல்லம்மா. நான்தான்."

அவள் அதை வாங்கி மனசுக்குள் போட்டு ஒரு சுற்று சுற்றினாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா. அன்னைக்கு மாடு கத்தற மாதிரி கேட்டுச்சுல்ல. அது பக்கத்து வீட்டு நாற்காலி இல்லதானே?"

எத்தனையோ சத்தத்துக்கு எத்தனையோ சாமானைத் தயாராக வைத்திருக்கிறவன் நான். கை மேஜைமேல் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"இல்ல கண்ணு."

"அப்போ?"

"நான்தான்."

"நீயா? அவ்ளோ நேரமா?"

"ஆமா."

அவள் முகம் கோணியது. "அப்போ ஏன் என்கிட்ட வந்து அழல? நான் உள்ளதானே இருந்தேன்? நான் சத்தமே போடாமத்தானே இருந்தேன்?"

இந்தக் கேள்விக்கு எந்தச் சாமானைக் காட்டுவது? தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

"அம்மாவும் சத்தம் போட்டாங்களாப்பா?" என்றாள்.

"இல்ல கண்ணு. அம்மா சத்தமே போடல."

"அப்போ அம்மாதான் ஜெயிச்சாங்க" என்றாள்.

அன்று பஸ்ஸில் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். ஓட்டுநர் எத்தனை முறை ஹார்ன் அடித்தாலும் விழிக்கவில்லை. என்ன சாமான் என்று கேட்கவும் இல்லை.

படம் வெளியானது. நன்றாக ஓடியதா என்றால், ஆட்கள் அரங்கைவிட்டு நன்றாக ஓடினார்கள். அந்த அலறல் வருகிற இடத்தில் பெரிய பெரிய ஆம்பிளைகள் பக்கத்து நாற்காலிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஜோடிக்கு அப்படியே கல்யாணம் ஆனது. அந்தக் குழந்தை யார், அதற்கு அப்படி என்ன செய்தார்கள் என்று இன்றைக்கும் யாராவது என்னைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். "அது குழந்தை இல்லைங்க, மீசை வச்ச ஆளு" என்று நான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் ஒரு எழுத்து மாறாது. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்.

சாட்சிதான் இல்லை. டைரக்டர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பொத்தான் அதற்கும் முன்னால். முழு டேப்பும் ஈரத்தில் பூத்துப்போயிற்று. பீரோவை யாரோ உடைத்து விறகாக்கிவிட்டார்கள். சாவி மட்டும் சிவப்பு நாடாவோடு என்னிடம் இருக்கிறது. நாடா வெளுத்துவிட்டது. சாவி என்ன சாட்சி சொல்லும்?

மிச்சம் இருப்பவள் அக்கா. எண்பத்திரண்டு வயது, கண் சரியில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. "அன்னைக்கு நீ வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்பவே புள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சே. நாலு நாள் குரலே வரலியே. அது ஏண்டா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். ஐஸ் சாப்பிட்டிருப்பாள். குழந்தைகள் எதையாவது சாப்பிட்டுவிடும்.

குண்டூசி இப்போது பல் டாக்டர். குழந்தைகளுக்கு மட்டும். துளைக்கிற கருவி, உறிஞ்சுகிற குழாய், எதுவானாலும் முதலில் அதைக் குழந்தையின் கையில் கொடுத்து, இந்தச் சத்தம் இந்தச் சாமான் என்று காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்வாள். அவளிடம் வருகிற குழந்தை எதுவும் அழுதுகொண்டு போவதில்லை. அந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. நானும் பார்க்கச் சொன்னதில்லை. மாதம் ஒருமுறை போவேன். மருமகன் நல்லவர்; என் கதைகளுக்குச் சரியான இடத்தில் சிரிப்பார். இந்தக் கதையை மட்டும் அவள் இருக்கும்போது நான் சொல்வதில்லை.

அவளுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அவள் வீட்டில் எந்த பீரோவுக்கும் கதவு கிடையாது. குடிபோன அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள்.